படிக்க மூட் வரவில்லையா? ஊக்கம் எங்கிருந்து வருகிறது, எப்போது வருகிறது என்று கொஞ்சம் பார்ப்போம்

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கப்போகிறேன் என்று முடிவெடுத்தவர்கள் முதல் வாரத்தில் செய்வது கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். பாடத்திட்டத்தின் பிடிஎஃப்பை இறக்கிக்கொள்வார்கள், நாலைந்து டெலிகிராம் குழுக்களில் சேருவார்கள், ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரைக்குமான சமச்சீர் புத்தகங்களைத் தேடிப்பிடித்து வாங்குவார்கள், கலர் கலராகக் கால அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டுவார்கள், காலை ஐந்து மணிக்கு அலாரம் வைப்பார்கள். மூன்றாவது வாரத்தில் அலாரம் மட்டும் தன் கடமையைச் செய்துகொண்டிருக்கும். ஆரம்ப சூரத்தனம் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள், கொஞ்ச நாளில் அவருக்கே தான் ஒரு சோம்பேறி என்று தோன்ற ஆரம்பித்துவிடும்.

எனக்கு இந்த சோம்பேறிப் பட்டத்தில் நம்பிக்கை கிடையாது. அதே ஆள் ஜவுளிக்கடையில் தீபாவளி நேரத்தில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்ப்பார், தங்கை கல்யாணம் என்றால் வெயிலில் ஊர் ஊராக அலைந்து பத்திரிகை வைப்பார், சோம்பேறிக்கு இதெல்லாம் முடியுமா? கோளாறு பெரும்பாலும் ஆளிடம் இல்லை, அந்த இலக்கு அவர் முன்னால் வந்து நிற்கிற விதத்தில் இருக்கிறது. அந்த விதத்தை மாற்ற முடியும். கட்டுரை முழுக்க குரூப் 4ஐயே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன், தமிழ்நாட்டில் வீட்டுக்கு ஒருவராவது அதற்குப் படித்தோ படிக்க நினைத்தோ இருப்பார்கள் என்பதால். எடை குறைப்பது, ஆங்கிலம் பேசப் பழகுவது, கார் ஓட்டக் கற்பது என்று உங்கள் இலக்கு எதுவானாலும் அந்த இடத்தில் அதைப் போட்டு வாசித்துக்கொள்ளுங்கள்.

ஊக்கம் எதனால் ஏறுகிறது, எதனால் இறங்குகிறது

1964இல் விக்டர் வ்ரூம் என்ற உளவியலாளர், மனிதர்கள் ஒரு வேலையில் எவ்வளவு முயற்சி போடுவார்கள் என்பதை விளக்க ஒரு எளிய கருத்தை முன்வைத்தார். அந்தப் பலன் எனக்கு எவ்வளவு வேண்டும், நான் முயன்றால் அது கிடைக்கும் என்று எவ்வளவு நம்புகிறேன், இந்த இரண்டையும் கூட்டக்கூடாது, பெருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். பெருக்கல் என்பதால் ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். அரசு வேலை உயிரைவிட முக்கியம் என்று நினைப்பவருக்கும், "நமக்கெல்லாம் எங்கே கிடைக்கப்போகுது" என்று உள்ளுக்குள் ஒரு குரல் இருந்தால் புத்தகத்தின் பக்கம் கை போகாது. பின்னால் கனடாவின் பியர்ஸ் ஸ்டீல், வேலையைத் தள்ளிப்போடுவது பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2007இல் எழுதியபோது, இதோடு இன்னும் இரண்டைச் சேர்த்தார்: பலன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, கவனத்தைப் பறிக்கிற விஷயங்களிடம் இந்த ஆள் எவ்வளவு சீக்கிரம் விழுந்துவிடுகிறார். இவை இரண்டும் கூடக் கூட ஊக்கம் குறையும்.

இப்போது குரூப் 4ஐ இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதுகிறார்கள், இடங்கள் சில ஆயிரம்தான், ஆக நம்பிக்கை குறைவு. தேர்வு வரவே பல மாதம், அதற்கப்புறம் முடிவு, கலந்தாய்வு என்று இன்னும் பல மாதம், ஆக தூரம் அதிகம். கையில் போன், அதில் ரீல்ஸ், பலன் ஒரே நொடியில். இந்த நிலையில் படிக்க மூட் வரவில்லை என்றால் மூளை பழுதாகவில்லை, தனக்குத் தெரிந்த கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறது.

வேண்டும் என்கிற ஆசையைக் கூட்டுவதில்தான் எல்லோரும் கவனம் வைக்கிறார்கள். குடும்பக் கஷ்டத்தை நினைத்துப்பார், அம்மாவின் முகத்தை நினைத்துப்பார் என்பார்கள். ஆனால் ஆசை ஏற்கெனவே நிறைய இருக்கிறது, அதில் இன்னும் ஊற்றுவதால் பெரிய மாற்றம் வராது. கைவைக்க வேண்டியது நம்பிக்கையிலும் தூரத்திலும்.

நம்பிக்கை என்றதும் கண்ணாடி முன்னால் நின்று "என்னால் முடியும்" என்று சொல்லிக்கொள்வது நினைவுக்கு வந்தால் அதை விடுங்கள். ஆல்பர்ட் பாண்டுரா இதைப் பல வருடம் ஆராய்ந்தவர். தன்னால் ஒன்று முடியும் என்ற நம்பிக்கை பல வழிகளில் வருகிறது, அதில் வலுவானது ஏற்கெனவே அதைச் செய்து பார்த்த அனுபவம்தான் என்பார். 1981இல் அவரும் டேல் ஷங்க்கும் வெளியிட்ட ஒரு ஆய்வு, கணக்கு என்றாலே ஓடுகிறவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. கழித்தல் கணக்கில் பின்தங்கிய, ஆர்வமும் இல்லாத 7 முதல் 10 வயதுக் குழந்தைகள். மொத்தம் 42 பக்கப் பயிற்சி, 7 அமர்வுகள். ஒரு குழுவிடம் ஒவ்வொரு அமர்விலும் 6 பக்கமாவது முடிக்கப் பார் என்றார்கள், இன்னொரு குழுவிடம் கடைசிக்குள் 42 பக்கத்தையும் முடிக்கப் பார் என்றார்கள். வேலை ஒன்றேதான், சொன்ன விதம்தான் வேறு. 6 பக்கக் குழுவினர் கணக்கை நன்றாகக் கற்றார்கள், தங்களால் முடியும் என்ற நம்பிக்கையும் கூடியது, முன்னால் பிடிக்காத கணக்கில் ஆர்வமும் வந்தது. 42 பக்கம் என்று தூரத்து இலக்கைக் கேட்டவர்களுக்கு, அந்த இலக்கால் சொல்லும்படியான பலனே இல்லை.

குரூப் 4இல் மொத்தம் 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் தமிழ்ப் பகுதி மட்டும் 100 கேள்விகள், அதற்கு 150 மதிப்பெண், அதில் குறைந்தது 60 எடுத்தால்தான் மீதியையே திருத்துவார்கள். பாடத்திட்டம் முழுவதும் என்பது உங்கள் 42 பக்கம். தனிவட்டிக் கணக்கு மட்டும் இந்த வாரம், பழைய வினாத்தாள்களில் தனிவட்டி எப்படியெல்லாம் வந்திருக்கிறது என்று தேடி அத்தனையையும் போட்டுப் பார்ப்பது என்பது உங்கள் 6 பக்கம். திறனறிவுப் பகுதியின் 25 கேள்விகளில் தனிவட்டி வந்தால் விடமாட்டேன் என்று ஆகிவிட்ட ஒருவருக்கு, அடுத்த வாரம் மீ.பெ.வ., மீ.சி.ம. பக்கம் போகத் தானாகவே கொஞ்சம் தைரியம் வரும். இடையில் ஒன்று: தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் பதவிகளும் இதே குரூப் 4இல்தான் வருகின்றன, அவற்றுக்கு அரசுத் தட்டச்சுத் தேர்வில் தேர்ச்சி வேண்டும் என்பதால் போட்டியிடுபவர்கள் குறைவு. கணக்கின் நம்பிக்கைப் பக்கத்தை இப்படி நிஜமாகவே உயர்த்திக்கொள்ளவும் வழி உண்டு, மனதுக்குள் மட்டுமில்லை.

தூரத்துக்கு வருவோம். பெரிய பலன் தள்ளியிருக்கிறது, சின்னப் பலன் கையருகில் இருக்கிறது என்றால் சின்னதைப் பிடித்துக்கொள்வது மனிதக் குணம் மட்டுமல்ல, புறாக்களும் அப்படித்தான். ஜார்ஜ் எய்ன்ஸ்லி என்பவர் 1974இல் வெளியிட்ட ஆய்வில் புறாக்களுக்கு உடனே கொஞ்சம் தீனி அல்லது சற்றுப் பொறுத்தால் நிறையத் தீனி என்று வைத்தார். சின்னத் தீனிக்கான பொத்தான் கண்முன்னால் எரிந்ததும் கொத்திவிடுகின்றன. ஆனால் அந்தப் பொத்தான் எரியவே விடாமல் தடுக்க, அதற்கு முன்பே கொத்தக்கூடிய இன்னொரு வாய்ப்பையும் அவர் கொடுத்திருந்தார். சில புறாக்கள் அதைக் கற்றுக்கொண்டு பயன்படுத்தின. அதாவது ஆசை வந்த பிறகு அதோடு மல்லுக்கட்டாமல், வருவதற்கு முன்னாலேயே கதவைச் சாத்திவிட்டன. போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு "எடுக்கமாட்டேன்" என்று உட்கார்ந்திருப்பது மல்லுக்கட்டு. படிக்கிற ஒரு மணி நேரத்துக்கு அதை அணைத்து அம்மாவிடம் கொடுத்துவிடுவதோ, பக்கத்து அறை பீரோவில் வைத்துப் பூட்டுவதோ புறா செய்த வேலை. யூடியூபில்தானே வகுப்பு பார்க்கிறேன் என்றால், வகுப்புக்கு ஒரு நேரம், போன் இல்லாமல் கணக்குப் போட ஒரு நேரம் என்று பிரித்துவிடுங்கள். இரண்டையும் கலந்தால் ஜெயிப்பது எப்போதும் ரீல்ஸ்தான்.

இடத்தை மாற்றுவதும் இதே வகை. சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கவே தனிப் பகுதி இருக்கிறது, மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023இல் திறந்தது, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டம் மூலம் இலவச வகுப்பு நடக்கிறது. சுற்றிலும் நாலு பேர் குனிந்து படித்துக்கொண்டிருக்கும் இடத்தில் நீங்கள் மட்டும் போனை நோண்டுவது கொஞ்சம் கூச்சமாக இருக்கும், அந்தக் கூச்சம் இலவசமாகக் கிடைக்கிற உதவி.

மூட் முன்னால் வருவதில்லை

இதுவரை சொன்னதைவிட முக்கியமானது இதுதான், இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஊக்கம் வரும், அப்புறம் வேலை நடக்கும் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். பெரும்பாலும் நடப்பது தலைகீழ். வேலையைத் தொட்டு, அதில் கொஞ்சம் நகர்ந்த பிறகுதான் ஊக்கம் வருகிறது. கிராமத்து அடிபம்பில் முதலில் ஒரு சொம்பு தண்ணீரை மேலே ஊற்றி அடித்தால்தான் அடியிலிருந்து தண்ணீர் ஏறும், அதுபோல.

இதை மிகக் கடினமான இடத்தில், மனச்சோர்வு நோய்க்கான சிகிச்சையில், சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1970களில் பீட்டர் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சுழலை விளக்கினார்: ஒருவர் சோர்ந்துபோய்ச் செயல்களைக் குறைக்கிறார், செயல் குறைவதால் வாழ்க்கையில் கிடைக்கிற சின்னச் சின்ன மகிழ்ச்சிகளும் திருப்திகளும் குறைகின்றன, அதனால் இன்னும் சோர்ந்துபோகிறார். மனநிலை சரியாகட்டும் என்று காத்திருந்தால் சுழல் உடையாது, மனநிலை எப்படி இருந்தாலும் குறித்து வைத்த நேரத்தில் குறித்து வைத்த சின்னச் செயலைச் செய்யவைத்தால் உடையும் என்பதுதான் இதிலிருந்து வளர்ந்த சிகிச்சையின் அடிப்படை. நம் நாட்டிலேயே, கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதைச் செய்து பார்த்தார்கள். மனநல மருத்துவர்கள் இல்லை, பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண மனிதர்கள்தான் இந்த முறையில் ஆலோசனை கொடுத்தார்கள். 2017இல் வெளியான அதன் முடிவில், மூன்று மாதத்தில் நோயிலிருந்து மீண்டவர்கள் இந்த ஆலோசனை கிடைத்த குழுவில் 64 சதவீதம், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 39 சதவீதம். படுக்கையை விட்டு எழுவதே பெரிய காரியமாக இருந்த மனிதர்களுக்கே செயல் முன்னால், மனநிலை பின்னால் என்ற வரிசை வேலை செய்திருக்கிறது என்றால், மதியம் சாப்பிட்டுவிட்டு லேசாகச் சலித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாமும் அதை ஒருமுறை செய்து பார்க்கலாம்.

நடைமுறையில் இதற்கு ஒரு சொம்புத் தண்ணீர் எவ்வளவு என்று தெரிய வேண்டும். "படிக்க உட்காருகிறேன்" என்பது பெரிய வேலை, அதற்கு மனம் முரண்டுபிடிக்கும். "ஏழாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் முதல் இயலை எடுத்து, சொல்லும் பொருளும் பகுதியை மட்டும் ஒருமுறை எழுதுகிறேன்" என்பதற்கு முரண்டுபிடிக்க ஒன்றுமில்லை, ஐந்து நிமிடம்கூட ஆகாது. அதைச் செய்த பிறகு நிறுத்திவிட உங்களுக்கு முழு உரிமை உண்டு, நிஜமாகவே உண்டு, ஏமாற்று வேலை இல்லை. நிறுத்தினாலும் அன்று தொட்டாயிற்று. பல நாள் நிறுத்தமாட்டீர்கள், ஏனென்றால் கனமாக இருப்பது வேலை முழுவதும் இல்லை, அதன் முதல் சில நிமிடங்கள்தான். ஓட ஆரம்பிக்க நினைப்பவர் ஷூவை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வருவதை மட்டும் அன்றைய கடமையாக வைத்துக்கொள்வதும் இதேதான். முதல் நாளே நாலு கிலோமீட்டர் ஓடி, இரண்டாம் நாள் முழங்கால் வலியோடு படுத்துக்கொள்கிற கதை நமக்குத் தெரியும்.

வீடியோ பார்ப்பதும் நேரம் குறிப்பதும்

ஊக்க வீடியோக்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், கொஞ்சம் கடுப்போடுதான் சொல்லப்போகிறேன். பின்னணி இசை, கூலி வேலை பார்த்து அதிகாரி ஆனவரின் கதை, முடிவில் கண்ணீர். பார்த்து முடித்ததும் நாமே பாதி வென்றுவிட்ட மாதிரி இருக்கும். அந்த "பாதி வென்ற" உணர்வுதான் சிக்கல். கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற ஜெர்மானிய உளவியலாளர் இதை நெடுங்காலமாக ஆராய்கிறார். 1991இல் எடை குறைப்புத் திட்டத்தில் சேர்ந்த பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், தன்னால் எடை குறைக்க முடியும் என்று நம்பியவர்கள் அதிகமாகக் குறைத்தார்கள். ஆனால் குறைத்த பிறகு எப்படியெல்லாம் அழகாக இருப்பேன் என்று இனிமையாகக் கற்பனை செய்தவர்கள் குறைவாகவே குறைத்தார்கள். நம்பிக்கை வேறு, பகல் கனவு வேறு. கனவிலேயே பலனை அனுபவித்துவிட்டால் உடம்பு தளர்ந்து உட்கார்ந்துவிடுகிறது.

இன்னொரு ஆய்வு இதைவிடப் பளிச்சென்று சொல்லும். 2002இல் பிரிட்டனில் சாரா மில்ன், ஷீனா ஆர்பெல், பாஸ்கல் ஷீரன் மூவரும் கல்லூரி மாணவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். அடுத்த வாரத்தில் ஒருமுறையாவது 20 நிமிடம் நன்றாக வியர்க்க உடற்பயிற்சி செய்கிறார்களா என்பதுதான் கேள்வி. முதல் குழுவுக்கு எதுவும் சொல்லவில்லை, 38 சதவீதம் பேர் செய்தார்கள். இரண்டாவது குழுவுக்கு, உடற்பயிற்சி இல்லையென்றால் இதய நோய் எப்படி வரும், செய்தால் எப்படித் தடுக்கலாம் என்று ஊக்கம் வரும்படி வாசிக்கக் கொடுத்தார்கள். செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு நிஜமாகவே கூடியது, ஆனால் செய்தவர்கள் 35 சதவீதம். மூன்றாவது குழுவுக்கு அதே வாசிப்போடு கூட ஒரு சின்ன வேலை: எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் செய்வேன் என்று எழுத வேண்டும். 91 சதவீதம் பேர் செய்தார்கள்.

ஒரே ஒரு வரி எழுதியதில் இவ்வளவா என்று சந்தேகம் வருவது நியாயம், ஒரு ஆய்வை மட்டும் வைத்து ஆடவும் கூடாது. இந்த முறையைப் பெயர் வைத்து வளர்த்தவர் பீட்டர் கோல்விட்சர். அவரும் ஷீரனும் 2006இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் பலன் நன்றாகவே இருந்தது, 91 சதவீதம் என்கிற அளவுக்கு எல்லா இடத்திலும் இல்லாவிட்டாலும். வேலை செய்யும் காரணம் புரிந்துகொள்ளக் கடினமில்லை. "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று முன்பே முடிச்சுப் போட்டுவிட்டால், அந்த நேரத்தில் செய்யலாமா வேண்டாமா என்ற பட்டிமன்றம் மனதுக்குள் நடக்காது. மூட் நுழைவதே அந்தப் பட்டிமன்றம் நடக்கும்போதுதான்.

நேரத்தைக் கடிகாரத்தில் குறிப்பதைவிட தினமும் தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தோடு கட்டுவது நம் வீடுகளுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஆறு மணி என்று வைத்தால் அன்றைக்கென்று பார்த்து ஆறு மணிக்குத்தான் தண்ணீர் லாரி வரும். "இரவு சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும், ஹாலில் அல்ல, மாடிப்படியில் உட்கார்ந்து, பத்து கணக்குப் போடுவேன்." "காலை பஸ்ஸில் இடம் கிடைத்ததும் நேற்று எழுதிய சொல்லும் பொருளையும் ஒருமுறை பார்ப்பேன், இடம் கிடைக்காவிட்டால் மனதுக்குள் சொல்லிப்பார்ப்பேன்." தடங்கலுக்கும் இதேபோல ஒரு வரி எழுதிவிடுங்கள்: விருந்தாளி வந்துவிட்டால் பத்து கணக்குக்குப் பதில் இரண்டு, கரண்ட் போனால் வாய்விட்டு மனப்பாடம். இந்த இரண்டாவது வகை வரிகளைத்தான் யாரும் எழுதுவதில்லை, திட்டம் உடைகிற இடமும் பெரும்பாலும் அதுதான்.

மன உறுதி பற்றியும் ஒரு வார்த்தை. மன உறுதி என்பது பேட்டரி மாதிரி, பயன்படுத்தத் தீர்ந்துபோகும் என்று 1998இல் ராய் பாமைஸ்டர் குழுவினர் ஒரு ஆய்வு வெளியிட்டு அது உலகம் முழுக்கப் பரவியது. 2016இல் 23 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து சோதித்தபோது அந்த விளைவு கிட்டத்தட்ட இல்லை என்றே வந்தது. சர்ச்சை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. "இன்றைக்கு என் மன உறுதி தீர்ந்துவிட்டது" என்று அறிவியலைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம், அவ்வளவுதான்.

21 நாள் கதை

21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். இது மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் 1960இல் எழுதியதிலிருந்து கிளம்பியது. அறுவைக்குப் பிறகு புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்றார் அவர், "குறைந்தது" என்பது எங்கோ வழியில் விழுந்துவிட்டது. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்து, தினமும் ஒரே சூழலில் ஒரு புதுக் காரியத்தைச் செய்யவைத்து அளந்தபோது, தானாக நடக்கும் நிலைக்கு வர சராசரியாக 66 நாள் ஆகும் என்று வந்தது. ஆளுக்கு ஆள், காரியத்துக்குக் காரியம் இது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது. தண்ணீர் குடிப்பது சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும், உடற்பயிற்சி மெதுவாகத்தான் ஒட்டும். ஆகவே 22ஆம் நாளும் கஷ்டமாகவே இருந்தால் அது உங்கள் தோல்வி இல்லை, இன்னும் நாள் இருக்கிறது என்று மட்டும் அர்த்தம்.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவதில் பெரிய பாதிப்பு இல்லை. நம் ஆட்களுக்கு இதை உரக்கச் சொல்ல வேண்டும். புதன்கிழமை விட்டுப்போனால், சரி இந்த வாரம் போயிற்று, திங்களிலிருந்து புதிதாகத் தொடங்கலாம் என்பார்கள், திங்கள் போனால் ஒன்றாம் தேதி, அது போனால் ஆடி முடியட்டும், அப்புறம் தை பிறக்கட்டும். புது வாரம், புது மாதம், பிறந்தநாள் போன்ற நாட்களில் மனிதர்களுக்குத் தொடங்கும் வேகம் கூடுகிறது என்பது உண்மைதான், ஜிம்முக்கு வருகிற கூட்டத்தை வைத்து 2014இல் ஒரு ஆய்வே காட்டியிருக்கிறது. அந்த வேகம் தானாக வந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அதற்காகப் புதன்கிழமையிலிருந்து திங்கள் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை, வியாழக்கிழமையும் ஒரு நல்ல நாள்தான்.

உடம்பும் மனமும்

எல்லாம் செய்தும் எதிலும் பிடிப்பே இல்லை, நாள் முழுக்க அசதி என்றால் திட்டத்தை மாற்றுவதற்கு முன்னால் உடம்பைப் பாருங்கள். ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, தூக்கம் போதாமை எல்லாமே வெளியே பார்க்கச் சோம்பேறித்தனம் மாதிரிதான் தெரியும். தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. எத்தனை பெண்களை வீட்டில் "எப்பப் பார்த்தாலும் படுத்துக்கிட்டே இருக்கா" என்று திட்டியிருப்போம் என்று நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. ஒரு ரத்தப் பரிசோதனை நூறு வீடியோவைவிட உதவலாம்.

முன்பு பிடித்த எதுவும் இப்போது பிடிக்கவில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது, இது இரண்டு வாரத்துக்கும் மேல் நீடிக்கிறது என்றால் அது ஊக்கக் குறைவு என்கிற சமாச்சாரமே இல்லை, மனச்சோர்வு நோயாக இருக்கலாம், மருத்துவரைப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416, தமிழ்நாடு அரசின் 104, இரண்டும் இலவசம், தமிழில் பேசலாம்.

இது யாருடைய ஆசை?

கடைசியாக ஒன்று, பலர் பேசத் தயங்குவது. சிலருக்கு எதைச் செய்தாலும் ஊக்கம் வராததற்குக் காரணம், அந்த இலக்கே அவர்களுடையதாக இல்லாததுதான். அரசு வேலை அப்பாவின் கனவு, எடை குறைப்பது பெண் பார்க்க வருகிறவர்களுக்காக, ஆங்கிலம் சித்தி மகன் பேசுகிறான் என்பதற்காக. எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர் 1971இல் மாணவர்களுக்கு ஒரு சுவாரசியமான கனசதுரப் புதிர் கொடுத்தார். ஒரு குழுவுக்கு இடையில் ஒரு அமர்வில் மட்டும் ஒவ்வொரு புதிருக்கும் ஒரு டாலர் கொடுத்தார். பணத்தை நிறுத்திய பிறகு, ஓய்வு நேரத்தில் அவர்கள் புதிரைத் தொடுவது குறைந்தது. வெளியிலிருந்து வருகிற பரிசோ கட்டாயமோ உள்ளே இருந்த ஆர்வத்தைத் தின்றுவிடலாம் என்பது அவர் கண்டது. பின்னால் ரிச்சர்ட் ரயனோடு சேர்ந்து இதை வளர்த்து, மனிதர்களுக்கு மூன்று தேவை என்றார்: நானே தேர்ந்தெடுத்தேன் என்கிற உணர்வு, என்னால் செய்ய முடிகிறது என்கிற உணர்வு, என்னோடு மனிதர்கள் இருக்கிறார்கள் என்கிற உணர்வு.

இதை வைத்துக்கொண்டு "எனக்குப் பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன்" என்று நாளைக்கே சொல்லிவிடவும் வேண்டாம், நம் வீடுகளில் சம்பளம் தேவை, எல்லோருக்கும் பிடித்ததை மட்டும் செய்யும் வசதி இல்லை. அப்பா சொன்னதால் தொடங்கியதாக இருந்தாலும் அதில் உங்களுக்கென்று ஒரு காரணம் இருக்கிறதா என்று தேடிப்பாருங்கள். ஒன்றாம் தேதி தவறாமல் சம்பளம் வந்தால் தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை என்பது உங்கள் காரணமாக இருக்கலாம், பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போகாமல் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கலாம் என்பதும் இருக்கலாம். அப்படி ஒன்று கிடைத்தால் அதே புத்தகம் வேறு மாதிரி தெரியும். தேடியும் ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால், இன்னும் எத்தனை முறை எழுதுவது, எந்த வயதுவரை முயல்வது என்று ஒரு எல்லையை இப்போதே, அடுத்த முடிவு வந்து மனம் கலங்குவதற்கு முன்னாலேயே, எழுதி வைத்துவிட்டு வீட்டிலும் சொல்லிவிடுங்கள். அந்தப் பேச்சு சங்கடமாகத்தான் இருக்கும். அதற்கும் ஒரு நேரமும் இடமும் குறித்துக்கொள்ளலாம்: ஞாயிற்றுக்கிழமை, அப்பா டீ குடித்து முடித்ததும், வாசலில்.